கடலுக்கடியில் துளையிடுமுன் பண்டாரவளைக் கிணறுகளைப் பாருங்கள்

இலங்கை – இந்தியத் தரைவழி இணைப்பின் சாத்தியக்கூற்று ஆய்வில் ஈடுபடும் அதிகாரிகளுக்கும், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயன்மீர், அம்மணிமீர், வணக்கம்.

2023 ஜூலையில் இரு நாட்டு அரசுகளும் புது டில்லியில் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், தரைவழி இணைப்புக்குச் சாத்தியக்கூற்று ஆய்வு நடத்துவதென்று எழுதினார்கள். தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைக்கப் போவது பாலமா, கடலடிச் சுரங்க வீதியா என்ற பேச்சு அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மலையகத்திலிருந்து இதில் வாய் திறக்க எங்களுக்கு இரண்டு உரிமை உண்டு. எங்கள் பாட்டன் பூட்டன்மார் வந்து இறங்கிய கரை அது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியிலேயே விழுந்தவர்களும் அவர்களில் உண்டு. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வழி 1964 டிசம்பர் புயலோடு அறுந்தது. அது திரும்பவும் திறக்குமென்றால் முதலில் மகிழ்கிறவர்கள் நாங்கள்தான். அடுத்தது தொழில் உரிமை. இந்த நாட்டில் கிலோமீற்றர் கணக்கில் பாறையைக் குடைந்த அனுபவம் பெரும்பாலும் மலைநாட்டில்தான் சேர்ந்திருக்கிறது. பொல்கொல்லையிலிருந்து உக்குவளைக்குப் போகும் மகாவலிச் சுரங்கம், கொத்மலை, விக்டோரியா, தலவாக்கலையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் ஓடும் மேல் கொத்மலைச் சுரங்கம், கடைசியாக உமா ஓயா. அந்த அனுபவத்தில் ஒரு பகுதிக்கு எங்கள் மக்கள் கிணற்றுத் தண்ணீராலும் வீட்டுச் சுவராலும் விலை கொடுத்திருக்கிறார்கள். அது கோப்புக்குள் கிடந்து போகக்கூடாது.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். சுரங்கத்தின் முகத்துக்கு, அதாவது தோண்டிக்கொண்டிருக்கும் முனைக்கு, முன்னால் இருக்கும் நீரை, முகம் அதைத் தொடுவதற்கு முன்பே கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒப்பந்தத்தில் தனி நேரமும் தனிக் காசும் இருக்க வேண்டும். மலையானாலும் கடலானாலும் இது மாறாது. மாறுவது எவ்வளவு நீரை விடலாம் என்ற வரம்பு மட்டுந்தான்.

உமா ஓயா நீர்மின் திட்டத்தில் நடந்ததைத் தெரியாத பொறியியலாளர் நம் நாட்டில் இருக்க முடியாது. ஆனாலும் ஏன் நடந்தது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. டயரபாவிலிருந்து ரந்தெனியவிலுள்ள நிலத்தடி மின் நிலையத்தை நோக்கிச் நீர் கொண்டு செல்லும் அந்தத் தலைச்சுரங்கம் சுமார் 15 கிலோமீற்றர். 2014 டிசம்பர் 24 அன்று பண்டாரவளைப் பக்கம் துளையிடும் இயந்திரத்துக்குள் நீர் பாய்ந்தது. விநாடிக்குப் பல நூறு லீற்றர். 2017இல் திரும்பவும் பெரிய பாய்ச்சல். மேலே கிணறுகளும் ஊற்றுகளும் பீலிகளும் வற்றின, நிலம் அமுங்கியது, ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது.

மலைநாட்டின் உருமாறிய பாறை, கையில் எடுத்துப் பார்த்தால் நீர் புகாத கல். நீர் ஓடுவது கல்லில் அல்ல, அதன் வெடிப்பில். பிளவுக் கோடுகள், குவார்ட்சைட் பட்டைகள், கரைந்து துளை விழுந்த பளிங்குக்கல் பட்டைகள் ஆகியவைதான் மழைநீரைச் சேர்த்து வைத்திருக்கும் தொட்டிகள். சுரங்கம் குறுக்கே ஒரு பட்டையை வெட்டினால் அந்தத் தொட்டிக்கு அடியில் குழாய் வைத்த கதை. நீர்மட்டம் இறங்கும்போது, அதுவரை நீர் தாங்கிக்கொண்டிருந்த பாரம் மேல் மண்ணின் துகள்களுக்கு இடம் மாறுகிறது. மண் இறுகி அமுங்குகிறது. ஒரே வீட்டின் ஒரு மூலை பாறையிலும் மறு மூலை மண்ணிலும் நின்றால் சுவர் பிளக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணம் இயந்திரத்தின் வகை. கடினப் பாறைக்கென்று செய்த கவச இயந்திரம் முன்பக்கம் திறந்தது. பாறையை வெட்டுமே தவிர நீர் அழுத்தத்தைத் தாங்கி நிற்காது. அதன் கவசத்துக்குள் நின்று முன்பாறையில் துளை போட்டுச் சீமெந்துப் பால் (நீரில் கரைத்த சீமெந்து) செலுத்தி வெடிப்புகளை அடைக்கவும், அதாவது முன்கிரவுட்டிங் செய்யவும், இடம் குறைவு. கவசத்தில் விட்டிருக்கும் சில ஓட்டைகள் வழியாக மட்டுமே, சாய்வாக மட்டுமே துளைக்க முடியும். ஆகவே இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும் நாளிலேயே எத்தனை ஓட்டை, எந்தக் கோணம், எந்தத் துளைக் கருவி என்று எழுதிவிட வேண்டும். கவசத்தின் மேல்பாதியில் நாலைந்து ஓட்டை வைத்துவிட்டு முன்கிரவுட்டிங் வசதி உண்டு என்று எழுதும் கேள்விப்பத்திரத்தை ஏற்கவே கூடாது. முழு வட்டத்துக்கும், வெட்டுத்தலையின் ஊடாகவும் வழி வேண்டும். இயந்திரம் பாறைக்குள் போன பிறகு இதைத் திருத்த முடியாது.

இனி வரம்புக் கணக்கு. 1980களின் தொடக்கத்திலிருந்து நோர்வேக்காரர் கடலடி வீதிச் சுரங்கங்களை வெடிவைத்தே குடைந்து வருகிறார்கள். அவற்றில் ரீஃபில்கே சுரங்கம் 14.4 கிலோமீற்றர் நீளம்; கடல் மட்டத்துக்கு 292 மீற்றர் கீழே போகிறது; 2019 கடைசியில் திறந்தார்கள். அவர்கள் வழக்கம் என்னவென்றால், சுரங்கக் கூரைக்கு மேல் குறைந்தது 50 மீற்றர் நல்ல பாறை இருக்க வேண்டும். முகத்திலிருந்து 25, 30 மீற்றர் நீளத்துக்குச் சோதனைத் துளைகள் எப்போதும் முன்னே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரு சுற்றுத் துளை முடியும் இடத்துக்கு எட்டு மீற்றராவது முன்பே அடுத்த சுற்றுத் தொடங்க வேண்டும். துளையிலிருந்து வரும் நீர் குறித்த அளவைத் தாண்டினால் தோண்டுவது நிற்கும். விசிறிபோல 20, 25 மீற்றருக்குத் துளைகள் போட்டு, முதலில் தண்ணியான பால், பிறகு கெட்டியான பால் என்று சீமெந்தைச் செலுத்தி, குறித்த அழுத்தம் ஏறும்வரை நிறுத்தாமல், பிறகு கட்டுப்பாட்டுத் துளை போட்டுப் பார்த்துத்தான் முன்னே போவார்கள். மெல்லிய வெடிப்புக்குச் சாதாரணச் சீமெந்து உள்ளே போகாது; துகள் பெரிது, வாயிலேயே அடைத்துக்கொள்ளும். அங்கே நுண்சீமெந்து வேண்டும். களஞ்சியத்தில் அது இல்லாமல், “பால் ஏறவில்லை, பாறை இறுக்கமாக இருக்கிறது” என்று குறிப்பெழுதித் துளையை மூடினால் அடுத்த வெடியில் தண்ணீர் வரும்.

இப்படி அடைத்த பிறகும் கடலடியில் அவர்கள் ஏற்கும் கசிவு கிலோமீற்றருக்கு நிமிடத்துக்கு 300 லீற்றர் அளவில் இருக்கும். ஒரு நாளைக்குப் பெருக்கினால் 4,32,000 லீற்றர். கடலுக்கு அது ஒரு பொருட்டல்ல. பம்புக்கும் மின்கட்டணத்துக்கும் ஏற்ற கணக்கு, அவ்வளவுதான். அதே எண்ணை வெலிமடைக்கோ எல்லவுக்கோ கொண்டுவந்து பாருங்கள். ஓராளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்றால் 4,320 பேரின் தண்ணீர் அது, ஒவ்வொரு கிலோமீற்றரிலும், ஒவ்வொரு நாளும். ஆகவே மலைக்குள் வரம்பை நிர்ணயிப்பது சுரங்கத்தின் பம்பு அல்ல, மேலேயுள்ள பீலி. ஒஸ்லோ போன்ற நகரங்களுக்கடியில் அதே நோர்வேக்காரர் 100 மீற்றருக்கு நிமிடத்துக்கு 2 முதல் 10 லீற்றர் என்று வரம்பை இறுக்குகிறார்கள். மேலே களிமண்ணில் நிற்கும் கட்டடங்கள் அமுங்கிவிடும் என்பதற்காக. கண்டி நெரிசலுக்குச் சுரங்கப்பாதை வேண்டும் என்ற யோசனையை மேசையில் வைத்திருக்கும் பொறியியலாளர்கள் இந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாக்குநீரிணைப் பக்கம் பிரச்சினையின் முகம் வேறு. அங்கே உருமாறிய பாறை மேலே கிடையாது. வடமேற்குக் கரையின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணக்கல். அதன்மேல் மணல், பவளச் சிதைவு, இறுகிய மணற்கல். ஆதாம் பாலத் திட்டுகளைச் சுற்றிப் பல இடங்களில் கடல் சில மீற்றர் ஆழந்தான். ஆழம் குறைவென்றால் வேலை எளிது என்று நினைக்கத் தோன்றும். சுரங்கத்துக்கு அது பாதி மட்டுமே உண்மை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். இரண்டு தட வீதிக்கும் அவசரத் தடத்துக்குமாக வெளிவிட்டம் 13.5 மீற்றர், சுவர்த் தடிப்பு 55 சென்ரிமீற்றர் உள்ள கொங்கிரீட் குழாய் என்று வையுங்கள். டோக்கியோ விரிகுடாவின் அக்குவா லைன் சுரங்கங்கள் ஏறத்தாழ இந்தப் பருமன்தான். ஒரு மீற்றர் நீளத்துக்கு அந்தக் குழாய் விலக்கும் கடல்நீர் சுமார் 147 தொன். கொங்கிரீட் வளையத்தின் எடை மீற்றருக்குச் சுமார் 56 தொன். வீதித் தளத்தையும் மற்றதையும் சேர்த்தாலும் 80 தொன்னைத் தாண்டுவது கடினம். மிச்சம் 65, 70 தொன் மேல்நோக்கித் தள்ளுகிறது. குழாய் மிதக்கப் பார்க்கிறது. அதை அமுக்கி வைப்பது மேலேயுள்ள மணல் மட்டும். நீருக்குள் மணலின் எடை கன மீற்றருக்கு ஒரு தொன்னுக்குக் கிட்ட. 13.5 மீற்றர் அகலத்துக்கு ஐந்தாறு மீற்றர் மணல் கிடந்தால் கணக்கு வெறும் சமன். பாதுகாப்புக்கும் நீரோட்டம் அரிப்பதற்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு விட்டம், அதாவது 13, 14 மீற்றர் மேல்மூடல் வேண்டும். ஆதாம் பாலத்தின் மணல் நகரும் மணல். பருவக்காற்றுக்குப் பருவக்காற்று திட்டுகள் இடம் மாறுகின்றன. இன்றைய கடற்படுக்கை வரைபடத்தில் அளந்த மூடல் இருபது வருடம் கழித்து அங்கே இருக்குமா என்பதற்கு ஆய்வில் பதில் வேண்டும்.

மேல்மூடல் மெலிந்த இடத்தில் தோண்டும்போது இன்னொரு ஆபத்து, மேல்நோக்கி ஊதி வெடிப்பது. இந்த மண்ணில் வேலைக்கு வருவது முன்பக்கம் மூடிய குழம்பு இயந்திரம். வெட்டுத்தலைக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் பென்டோனைட் (நீரில் ஊறி உப்பும் ஒருவகைக் களிமண்) குழம்பை அழுத்தத்தில் நிரப்பி, அதைக் கொண்டே மண்முகத்தைத் தாங்கும். அழுத்தம் குறைந்தால் மணலும் கடலும் உள்ளே வரும். கூடினால் குழம்பு கடற்படுக்கையைப் பிளந்துகொண்டு மேலே போகும், அழுத்தம் இழந்த முகம் அடுத்த கணமே இடியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆழமான இடத்தில் அகலம், மெல்லிய மூடலில் ஒடுக்கம். இயந்திரக்காரர் முகத்தின் மேலேயும் கீழேயும் வெவ்வேறு அழுத்தம் இருப்பதையும் மறக்கக்கூடாது. 14 மீற்றர் உயரத்தில் நீர் அழுத்தம் மட்டும் மேலுக்கும் கீழுக்கும் 1.4 பார் வித்தியாசம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீற்றர் நீரின் அழுத்தம்).

சுண்ணக்கல்லில் கரைகுகை இருக்கும். துளைமுகம் ஒரு வெறுங்குகையைத் தொட்டவுடன் குழம்பு அதற்குள் ஓடிவிடும். அறையில் மட்டம் இறங்குவதை மானியில் பார்த்துக் கை அசைப்பதற்குள் முகம் விழலாம். சுண்ணக்கல் எப்படி ஏமாற்றும் என்பதைச் சமனலவெவ அணை நமக்குக் காட்டியிருக்கிறது. 1992இல் வலக்கரை வழியாக நீர் பீறிட்டது, இன்றும் கசிவு முழுதாக நிற்கவில்லை. அணையில் கசிந்தால் மின்சாரம் குறையும். கடலடியில் கசிந்தால் ஆட்கள் உள்ளே இருப்பார்கள். ஆகவே நில அதிர்வலை ஆய்வும், நிலத்தின் மின்தடையை அளக்கும் ஆய்வும் போட்ட பிறகும், ஒவ்வோர் ஐயமான இடத்திலும் மிதவை மேடையிலிருந்து துளை போட்டு உட்கல்லை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் துளைகள் குழாயின் நேர்கோட்டில் இருக்கக்கூடாது, பக்கத்தில் தள்ளி இருக்க வேண்டும். முடிந்ததும் சீமெந்தால் முழுதாக மூட வேண்டும். மூடாமல் விட்ட ஆய்வுத் துளையே பின்னாளில் குழம்பு தப்பும் வழியாகும்.

பென்டோனைட் பற்றி ஒரு சின்னச் செய்தி, ஆனால் தலைமன்னாருக்குப் பெரியது. உப்புநீரில் கலக்கினால் பென்டோனைட் சரியாக ஊறாது, திரிந்து அடியில் தங்கும், முகத்தில் படலம் கட்டாது. நன்னீரில் ஊறவைத்த பிறகே அது உப்பைத் தாங்கும். அப்படியானால் நாளெல்லாம் நன்னீர் வேண்டும். மன்னார்த் தீவில் நன்னீர் என்பது மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. மழையால் ஊறி, கிணற்றால் இறைக்கப்படுவது. அதில் பெரிய மோட்டார் வைத்து இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஏறிய உப்பு இறங்கப் பல மாரி வேண்டும். நுழைவாயில் பள்ளம் தோண்டி நீர் இறைத்தாலும் இதே கதைதான். பண்டாரவளையில் கிணறு வற்றியது. தலைமன்னாரில் கிணறு வற்றாது, உவர்க்கும். இரண்டிலும் குடம் வெறுங்குடந்தான்.

இயந்திரத்தின் முன்னால் ஆள் போகும் வேலையை யாரும் எளிதாக எடுக்க வேண்டாம். வெட்டும் பற்கள் தேயும். குவார்ட்ஸ் மணலில் சீக்கிரமே தேயும். மாற்ற வேண்டுமென்றால் குழம்பைக் கொஞ்சம் இறக்கி, அழுத்தக் காற்றால் முகத்தைத் தாங்கி, பூட்டறை வழியாக ஆட்கள் உள்ளே போக வேண்டும். 4 பாருக்குக் கிட்டப் போனால் சாதாரண அழுத்தக் காற்றில் வேலை நேரம் சுருங்கி, வெளியேற எடுக்கும் நேரம் நீண்டுவிடும். அதற்கு மேல் ஆழக்கடல் சுழியோடிகளின் முறைதான். நெதர்லாந்தின் வெஸ்டர்ஷெல்ட சுரங்கத்திலும் ஹொங்கொங்கின் துவென் முன் – செக் லாப் கொக் சுரங்கத்திலும் அப்படி ஆட்களை நாட்கணக்கில் அழுத்த அறையிலேயே வைத்து வேலை வாங்கினார்கள். இஸ்தான்புலின் யூரேசியா சுரங்கம் கடல்மட்டத்துக்கு 106 மீற்றர் கீழே, சுமார் 11 பார் அழுத்தத்தில், 13.7 மீற்றர் இயந்திரத்தால் துளைத்தது. அங்கே வெட்டுத்தலையின் கைகளுக்குள்ளேயே ஆள் போய்ச் சாதாரணக் காற்றில் பற்களை மாற்றும்படி இயந்திரத்தை வடிவமைத்தார்கள். பாக்குநீரிணையின் ஆழத்துக்கு 4, 5 பார் என்று வரும். அழுத்தம் குறைவு என்று காட்டி இந்த வசதியைக் கழித்து விலையைக் குறைப்பவர்கள் வருவார்கள். ஏற்காதீர்கள். மெல்லிய மூடலில் காற்று மணல் வழியே மேலே தப்பிவிடும். அங்கே அழுத்தக் காற்றை நம்பி ஆளை முன்னே அனுப்புவதுதான் மிகப் பயங்கரமானது.

டென்மார்க்கின் பெரிய பெல்ட் கடலடிச் சுரங்கத்தில் 1991 ஒக்டோபரில் நடந்ததையும் பாருங்கள். நின்றிருந்த ஒரு இயந்திரத்தின் முகம் வழியே கடல் உடைத்துக்கொண்டு வந்தது. தடுப்புச் சுவரின் கதவை நேரத்துக்கு மூட முடியவில்லை. பக்கத்துச் சுரங்கமும் சேர்ந்து மூழ்கியது. கதவின் ஊடாக ஒரு கேபிளோ காற்றுக் குழாயோ போயிருந்தாலும் கதவு கதவல்ல. இந்த ஒரு விதியை முறைமாற்றத்துக்கு முறைமாற்றம் (ஷிப்டுக்கு ஷிப்ட்) ஆள் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பிறகு கடற்படுக்கையிலேயே கிணறு இறக்கி, நிலத்தடி நீர் அழுத்தத்தை இறைத்துக் குறைத்துத்தான் வேலையை முடித்தார்கள்.

இயந்திரத்தின் வால்பகுதி இன்னொரு வாசல். கவசத்துக்கும் கொங்கிரீட் வளையத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூன்று நான்கு வரிசைக் கம்பித் தூரிகைகளும், அவற்றின் நடுவே இடைவிடாமல் ஏற்றும் கிரீசும் அடைக்கின்றன. வளையம் நடுவில் நிற்காமல் ஒருபக்கம் ஒட்டினால் அந்தப் பக்கத் தூரிகை நசுங்கும், மறுபக்கம் வாய் திறக்கும். நுண்மணல் நீரோடு சேர்ந்து அந்த வழியே ஓடத் தொடங்கினால் சில மணி நேரத்தில் மேல்நிலம் உள்ளே வந்துவிடும். 2018இல் சீனாவின் ஃபொஷான் மெட்ரோ சுரங்கத்தில் வால் வழியாக வந்த நீரும் மணலும் பல உயிரைக் கொண்டுபோயின. கிரீஸ் செலவைக் குறைத்ததாகக் கணக்குக் காட்டும் தள மேலாளரைப் பாராட்ட வேண்டாம்.

வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 14 மீற்றர் துளைக்குள் 13.5 மீற்றர் வளையம் என்றால், 2 மீற்றர் அகல வளையம் ஒவ்வொன்றுக்கும் சுமார் 21.6 கன மீற்றர் நிரப்புக் கலவை போக வேண்டும். இரண்டு திரவமாகக் கொண்டுவந்து வாயில் கலந்தவுடன் சில விநாடியில் இறுகும் கலவையே இன்று வழக்கம். போன அளவு குறைந்தால் வளையத்தின்மேல் வெற்றிடம் இருக்கிறது. கூடினால் எங்கேயோ குகைக்குள் போகிறது. இரண்டும் எச்சரிக்கை. ஒவ்வொரு வளையத்துக்கும் இந்த எண்ணையும், வெட்டி வெளியேற்றிய மண்ணின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அன்றன்றே பார்ப்பதற்கு ஒப்பந்தகாரரின் ஆள் அல்லாத ஒருவர் வேண்டும். ஒரு வளையத்துக்கு 308 கன மீற்றர் மண் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால் மேலே ஒரு பள்ளம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கொங்கிரீட்டைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: வெளிப்பக்கம் கடல் படுகிறது, எனவே வெளிப்பக்கக் கம்பிதான் துருப்பிடிக்கும் என்று. பெரும்பாலும் உள்பக்கம்தான் முதலில் கெடும். வெளியே நீருக்குள் ஒட்சிசன் குறைவு. உள்ளே கசிந்து வரும் உப்புநீர் காற்றில் உலர்ந்து, உப்பு மட்டும் மேற்பரப்பில் சேர்ந்துகொண்டே போகும். வாகனப் புகையும் சேரும். அதனால் இணைப்புகளிலுள்ள ரப்பர் பட்டையில் சிக்கனம் கூடாது, இரட்டைப் பட்டை வேண்டும். நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் பறக்கும் சாம்பலைச் சேர்த்துச் செய்த அடர்ந்த கொங்கிரீட் குளோரைட்டை நன்றாகத் தடுக்கும். ஆனால் அது மெதுவாக இறுகும், ஈரமாக வைத்துப் பதப்படுத்தும் நாட்களைக் குறைத்தால் பயன் போய்விடும். தீக்கு எதிராகக் கன மீற்றருக்கு ஒன்று, இரண்டு கிலோ பொலிப்புரொப்பிலீன் நார் சேர்க்க வேண்டும். சூட்டில் நார் உருகி நீராவிக்கு வழிவிடும். இல்லாவிட்டால் கொங்கிரீட் பொரிந்து பட்டை பட்டையாகத் தெறிக்கும். 1994இல் பெரிய பெல்ட்டிலும் 1996இல் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்திலும் தீயில் வளையங்கள் அப்படித்தான் மெலிந்தன.

இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்கு வழிகள் 250 முதல் 500 மீற்றருக்கு ஒன்று வேண்டும். 30 கிலோமீற்றருக்கு 60 முதல் 120 வரை. ஒவ்வொன்றும் முடிந்த வளையத்தை வெட்டித் திறந்து, வெறும் மண்ணுக்குள் கையால் குடைவது. எங்கள் கணிப்பில் முழு வேலையிலும் ஆபத்து அதிகமான நேரம் அதுதான். மண்ணை உறையவைத்துத் திறப்பது வழக்கம். உப்புநீர் தோய்ந்த மண் நன்னீர் மண்ணைவிடத் தாமதமாக உறையும், உறைந்தாலும் பலம் குறைவு. நன்னீர் மண்ணின் கணக்கைப் பார்த்து எழுதிய உறைநாட்களை அப்படியே பிடித்துக்கொண்டு திறக்கக்கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நேரான கேள்வி. 30 கிலோமீற்றர் முழுவதையும் வீதிச் சுரங்கமாகப் போட வேண்டுமா? வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மிக நீண்ட வீதிச் சுரங்கமாகப் பல காலமாகச் சொல்லப்படும் நோர்வேயின் லார்டால் 24.5 கிலோமீற்றர், அதுவும் மலைக்குள், வாகனம் குறைந்த வழியில். ஆங்கிலக் கால்வாய்க்கடியில் 50 கிலோமீற்றருக்குக் குடைந்தவர்கள் வீதி போடவில்லை. கார்களையும் லொறிகளையும் ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். காற்றோட்டமும், அரைமணி நேரம் சுவரைப் பார்த்து ஓட்டும் மனிதனின் கண்ணும் அதற்குக் காரணங்கள். டோக்கியோவில் சுமார் 9.5 கிலோமீற்றர் சுரங்கம், நடுவில் காற்றுக்கென ஒரு செயற்கைத் தீவு, மீதி 4.4 கிலோமீற்றர் பாலம். 1997இல் திறந்தது. ஆழம் குறைந்த நம் கடலுக்குப் பெரும்பகுதி பாலமும், கப்பல் போக இடம் விட வேண்டிய வாய்க்கால் ஒன்று முடிவாகுமானால் அதன் கீழ் மட்டும் ஒரு குறுஞ்சுரங்கமும் போதும். அந்தக் குறுஞ்சுரங்கத்தையும் துளையிட்டுப் போடுவதா, கரையில் வார்த்த பெட்டிகளைக் கடற்படுக்கைப் பள்ளத்தில் இறக்கிப் புதைப்பதா என்று இரண்டையும் விலை போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளம் தோண்டினால் பவளமும் மீன்படுகையும் கலங்கும். துளையிட்டால் 14 மீற்றர்க் குழாய் இரண்டுக்குக் கிலோமீற்றருக்கு மூன்று லட்சம் கன மீற்றருக்கும் மேல் பென்டோனைட் கலந்த மண் வெளியே வரும். அதை எங்கே கொட்டுவது என்பதற்குப் பதில் இல்லாத அறிக்கை அரை அறிக்கை.

சரிவைப் பற்றி நம் லொறிச் சாரதிகளிடம் கேளுங்கள். கினிகத்தேனையிலும் கடுகண்ணாவையிலும் பிரேக் காய்ந்து புகைவதை அவர்கள் அறிவார்கள். ஒஸ்லோஃபியோர்ட் சுரங்கத்தின் 7 சதவீதச் சரிவில் 2011இலும் 2017இலும் லொறிகள் தீப்பிடித்தன. திறந்த மலைப்பாதையில் புகை மேலே போகும். குழாய்க்குள் அது ஆட்கள் ஓடும் பக்கம்தான் போகும். நம் வடிவமைப்பில் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை, கடல் அவ்வளவு ஆழமில்லை. நுழைவாயில் நீளம் கூடுகிறது என்று யாராவது 5க்கு ஏற்றினால் மறுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். நிலத்தின் ஆபத்து முழுவதையும் ஒப்பந்தகாரர் தலையில் கட்டிய ஒப்பந்தம் அரசுக்கு லாபம்போலத் தெரியும். நடப்பது என்ன? சோதனைத் துளை போட ஒரு முறைமாற்றம் நின்றால் அந்த நட்டம் அவருடையது. துளைக்காமல் முன்னே போனால் லாபம் அவருடையது. தண்ணீர் வந்தால் நட்டம் கிணற்றுக்காரருடையது. எந்த ஊர் ஒப்பந்தகாரராக இருந்தாலும் இந்தக் கணக்கில் துளைக்க மாட்டார். ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஃபிடிக் 2019இல் நிலத்தடி வேலைகளுக்கென வெளியிட்ட நிபந்தனைகள் இதற்கு வழி சொல்கின்றன. எதிர்பார்க்கும் நிலத்தை அடிப்படை அறிக்கையாக முன்கூட்டி எழுதுவது, அதைவிடக் கெட்டதாக வந்தால் செலவையும் நாட்களையும் உரிமையாளர் ஏற்பது. சோதனைத் துளை மீற்றருக்கு இத்தனை, சீமெந்து கிலோவுக்கு இத்தனை, கிரவுட்டிங்குக்கு நின்ற மணிக்கு இத்தனை என்று தனி வரிகளாக விலை இருக்க வேண்டும். அப்போதுதான் தளத்தில் நிற்கும் இளம் பொறியியலாளர் “நிறுத்துங்கள்” என்று சொல்லும்போது அவருக்குப் பின்னால் காகிதம் நிற்கும்.

துளையிடும் முதல் நாளுக்கு இரண்டு முழு மாரிக்கு முன்பே தலைமன்னார்க் கிணறுகளின் மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து, அந்த எண்களைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் திகதியோடு படமெடுத்து ஒரு பிரதியை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். பண்டாரவளையில் வெடிப்பு முன்பே இருந்ததா பிறகு வந்ததா என்று வருடக்கணக்கில் வாதாட வேண்டி வந்தது. கண்டிச் சுரங்கமானாலும் கடற்சுரங்கமானாலும் இந்த அளவீட்டுக்கான தொகையை மதிப்பீட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் தொடங்கினால் ஒரு மாரி வீணாகாது.

இப்படிக்கு,
சுரங்கப் பணியறிந்த பொறியியலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், துளையிடுநர்கள்
பண்டாரவளை – தலவாக்கலை – ஹட்டன்